கோச்சி ஊதும்போது சுருதி எப்போது மாறுகிறது?

(மட்டக்களப்பில் உயர்தர மாணவர்களுக்கு ஆற்றிய உரையிலிருந்து)

பிள்ளைகளே, ஆசிரியர்மாரே, வணக்கம். ஒலி என்றதும் கல்லடிப் பாலத்துப் பாடுமீனைப் பற்றித்தான் பேசப்போகிறேன் என்று வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். இன்றைக்குக் கோச்சிதான்.

ஏறாவூர்ப் பக்கம் புகையிரதக் கடவையில் சைக்கிளோடு நின்றிருப்பீர்கள். கோச்சி ஊதிக்கொண்டு கிட்ட வர வர என்ன நடக்கும்? "சுருதி ஏறிக்கொண்டே வரும் சேர்" என்பீர்கள். நானும் அப்படி எழுதிப் புள்ளியைத் தொலைத்தவன்தான். ஏறுவது சுருதி அல்ல, உரப்பு, அதாவது சத்தத்தின் பலம். தண்டவாளத்தை ஒட்டி நிற்கிற உங்களுக்குச் சுருதி முதலிலேயே உயர்ந்துதான் கேட்கும். எஞ்சின் உங்களைக் கடக்கும்போது சட்டென்று விழும்.

ஏன்? வாவிக்கரையில் குந்தியிருந்து, ஒரு குச்சியால் தண்ணீரை ஒரே தாளத்தில் தட்டுங்கள். வட்டம் வட்டமாக அலை போகும். பக்கத்தில் மிதக்கிற வலைக்கட்டை அந்த இடத்திலேயே ஏறி இறங்கும். அலைதான் போகிறது, தண்ணீர் போகவில்லை. இனித் தாளத்தை மாற்றாமல், கையை மெல்ல வலப்பக்கம் நகர்த்திக்கொண்டே தட்டுங்கள். வலப்பக்க வட்டங்கள் நெருங்கும், இடப்பக்கத்தில் ஐதாகும். நெருங்கினால் அலைநீளம் குறைவு; மீடிறன், அதாவது ஒரு செக்கனில் வந்து சேரும் அலைகளின் எண்ணிக்கை, அதிகம். ஒலியில் மீடிறன் கூடினால் சுருதி உயரும். டொப்ளர் விளைவு இவ்வளவுதான்.

கணக்குக்கு வருவோம். ஹோர்ன் 400 ஹேர்ட்ஸ், கோச்சி செக்கனுக்கு 20 மீற்றர், நம் ஊர் வெக்கையில் ஒலி ஏறத்தாழ 350 மீற்றர். வரும்போது கேட்பது 424, போகும்போது 378. சங்கீதம் படிக்கிற பிள்ளைகள் கவனியுங்கள்: கிட்டத்தட்ட 'ரி'யிலிருந்து 'ச'வுக்கு இறங்குகிற தூரம். எஞ்சின் சாரதிக்கோ தொடக்கம் முதல் கடைசி வரை அதே 400.

டொப்ளர் 1842இல் இதை எழுதியது கோச்சிக்காக அல்ல, இரட்டை நட்சத்திரங்களின் நிறத்துக்காக. அந்த நிற விளக்கம் பிழைத்துப்போனது, தத்துவம் நின்றது. 1845இல் ஒல்லாந்தில் பைஸ் பல்லோட் என்பவர் எக்காளம் ஊதுபவர்களைப் புகையிரதத்தில் ஏற்றி, சுருதி தெரிந்தவர்களைக் கரையில் நிறுத்திச் சோதித்தார்.

கிளினிக்கில் தாயின் வயிற்றில் கருவியை வைத்துப் பிள்ளையின் இதயத்துடிப்பைக் கேட்பிப்பார்களே, அதுவும் இதேதான். அனுப்புகிற அலை நம் காதுக்கு எட்டாதது. அசைகிற இதயத்தில் பட்டு மீடிறன் மாறித் திரும்புகிறது. அந்த இரண்டு மீடிறன்களின் வித்தியாசம் மட்டும் காதுக்கு எட்டுகிற அளவில் விழுகிறது. அறையில் 'டக் டக்' என்று கேட்பது அந்த வித்தியாசத்தைத்தான்.