ஏற்றமா, ஏற்பா?

(பாம்பன் கடலோரத்தில், விண்ணேற்பு அன்னை நவநாள் மாலையில் பேசியது)

அம்மாமார்களே, ஐயாமார்களே, மணலில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே! கச்சான் காற்றில் மைக் இரைகிறது. சுருக்கமாகவே பேசுகிறேன்.

மறைக்கல்வி வகுப்பில் ஒரு சிறுமி கேட்டாள்: "இயேசுவுக்கு விண்ணேற்றம்னு சொல்றோம், மாதாவுக்கு மட்டும் ஏன் விண்ணேற்பு?" ஏற்றம் என்றால் தாமே ஏறியது. ஏற்பு என்றால் இன்னொருவர் ஏற்றுக்கொண்டது. அலையில் ஆடும் வத்தைப் படகிலிருந்து இறங்கத் தடுமாறும் பெரியவரை, கரையில் நிற்கும் மகன் கைகொடுத்து வாங்கிக்கொள்கிறானே, அதுதான் ஏற்பு. நம் பாட்டிமார் செபமாலையில் சொல்லும் 'ஆரோபணம்' என்பதற்கும் ஏற்றிவைப்பது என்றே பொருள்.

மாதா விண்ணகத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட இந்த நிகழ்ச்சி விவிலியத்தில் எழுதப்படவில்லை. பிரிந்த சபைச் சகோதரர்கள், அதாவது கத்தோலிக்கரல்லாத கிறிஸ்தவர்கள், கேட்டால் மழுப்பாமல் ஒத்துக்கொள்ளுங்கள். திருத்தந்தை 12ஆம் பயஸ் இதை விசுவாசக் கோட்பாடாக அறிவித்தது 1950 நவம்பர் 1 அன்று. ஆனால் 1,300 ஆண்டுகளுக்கும் முன்பிருந்தே விழா கொண்டாடப்படுகிறது. மாதா இறந்தாரா இல்லையா என்றுகூட அந்த அறிவிப்பு சொல்லவில்லை. மண்ணக வாழ்வை முடித்தபின் உடலோடும் ஆன்மாவோடும் எடுத்துக்கொள்ளப்பட்டார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறது.

'உடலோடு' என்ற அந்த ஒரு சொல்தான் எனக்கு விழாவே. ஆன்மா மோட்சம் போகும் என்பதை யாரும் எளிதாகச் சொல்லிவிடுவார்கள். உப்புக் காற்றில் கறுத்து, வலை இழுத்துக் காய்ப்பேறிய இந்த உடம்பு? அதையும் கடவுள் தூக்கி எறியமாட்டார் என்கிறது திருச்சபை. அன்றைய பூசையில் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகம் 15ஆம் அதிகாரம் வாசிப்பார்கள், கவனித்துக் கேளுங்கள். உயிர்த்தெழுந்தவர்களில் கிறிஸ்துவே முதற்கனி, பிறகு அவரைச் சார்ந்தவர்கள். அந்த 'பிறகு' என்பதில் நாமும் இருக்கிறோம். மாதாவுக்கு அது முன்னதாகவே நடந்துவிட்டது.

1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்துபோனபோது உடல்கூடக் கிடைக்காமல் போனவர்கள் எத்தனையோ பேர். அதற்குப் பிறகும் கடல் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. எங்கள் அன்பியத்தில், அதாவது பங்கின் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் செபக் குழுவில், ஓர் அம்மா, கடல் தொழிலுக்குப் போன கணவர் திரும்பவே இல்லை. நவம்பர் 2, கல்லறைத் திருநாளில் எல்லாரும் கல்லறைத் தோட்டத்துக்கு மெழுகுவர்த்தி கொண்டுபோவார்கள். அவர் கடலோர மணலில் குழி பறித்து ஏற்றுவார். காற்றில் நிற்காது. அணைய அணைய ஏற்றுவார்.

ஆகஸ்ட் 15 அன்று மட்டும் சப்பரத்துக்கு முன்னால் நின்று அவர் வேண்டுவது என் காதில் விழுந்திருக்கிறது: "தாயே, உனக்குச் செஞ்சதை அவருக்கும் செய்யச் சொல்லி உன் மகன்கிட்ட சொல்லு."