கடலூர் வந்துருச்சு, பண்ருட்டி எங்கே?

நடுவர் ஐயாவுக்கும் சபைக்கும் வணக்கம். எதிரணியில மூணு பேர். தனித்தனியா வணக்கம் வச்சா ஒரு நிமிஷம் போயிரும், மொத்தமா வாங்கிப் பிரிச்சுக்குங்க.

தலைப்பு என்ன? ‘ஓட்டுநர் இல்லா வண்டிகளால் நன்மை எல்லாருக்குமா, வசதியுள்ளவர்களுக்கு மட்டுமா?’ நான் ‘வசதியுள்ளவர்களுக்கு மட்டும்’ அணி. சீட்டுக் குலுக்கினப்ப வந்ததுங்க. வந்த சீட்டுக்கு வஞ்சகம் இல்லாம பேசிட்டுப் போறேன்.

எனக்கு முன்னாடி பேசின தம்பி என்ன சொன்னார்? “அக்கா டாக்சிக்காரர் மகள். குதிரைவண்டிக்காரர் பிள்ளை காரைப் பார்த்து அழுத மாதிரி அவங்க அழத்தான் செய்வாங்க”ன்னார். எல்லாரும் கை தட்டுனீங்க. நானும் தட்டுனேன், கேமரா என் பக்கம் இருந்துச்சு. தம்பி, உங்க குதிரைக்கு அப்புறம் வர்றேன். முதல்ல எங்க அத்தை கதை.

எங்க அத்தைன்னா என் மாமியார். பண்ருட்டிக்காரங்க. எங்க வீடு இங்க சிங்கப்பூர்ல, பொங்கோல்ல. பேரப்பிள்ளையைப் பார்க்க வந்தவங்களை எல்ஆர்டிங்கிற குட்டி ரயில்ல கூட்டிட்டுப் போனேன். பொங்கோல் எல்ஆர்டியைத் தெரியும்ல? ஓட்டுநர் கிடையாது, வட்டமா சுத்தி வரும். முன்னாடி கண்ணாடிகிட்ட இடம் கிடைச்சுது. அத்தை எட்டிப் பார்த்தாங்க. இந்தப் பக்கம் பார்த்தாங்க, அந்தப் பக்கம் பார்த்தாங்க. “ஏம்மா, ஓட்டறவன் எங்க? டீ குடிக்கப் போயிட்டானா?” “ஆளே கிடையாது அத்தை, தானா ஓடும்.” அவ்வளவுதான், முந்தானையை எடுத்து இடுப்புல சொருகிக்கிட்டு கம்பியை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டாங்க.

கொஞ்ச நேரத்துல ஒலிபெருக்கியில ஒரு குரல்: “கடலூர்.”

சிரிக்காதீங்க, நிஜமாவே அந்த நிலையத்துக்குப் பேரு கடலூர்தான். பலகையில தமிழ்லயே எழுதியிருக்கு. அத்தை படிச்சாங்க. முகத்துல அப்படி ஒரு வெளிச்சம்! எந்திரிச்சு நின்னு, “ஏம்மா, கடலூர் வந்துருச்சு, அடுத்தது பண்ருட்டிதானே?”ன்னாங்க.

நான் எப்படிச் சொல்றது? அடுத்தது ஓவேசிஸ். சொன்னா ஏமாந்து போவாங்கன்னு பேசாம இருந்துட்டேன். வண்டி ஒரு சுத்து சுத்துச்சு. மறுபடியும் “கடலூர்.” அத்தை என்னைப் பார்த்தாங்க. இன்னொரு சுத்து. மூணாவது தடவையும் “கடலூர்.” அத்தை சத்தமா சொன்னாங்க: “மூணு தடவ கடலூர் வந்துட்டான், ஒரு தடவ பண்ருட்டிக்குப் போறானா பாரு. ஆள் இருந்தா கேக்கலாம். யாரைக் கேக்கறது?”

ஊருக்குத் திரும்பிப் போய் அத்தை இதை எப்படிச் சொல்லியிருக்காங்க தெரியுமா? “சிங்கப்பூர்ல ஒரு வண்டி, ஓட்டறவனே கிடையாது. மூணு மணி நேரத்துல கடலூருக்கு வந்துடுது. என் மருமவதான் இறங்க விடல!” அடுத்த வருஷம் நாங்க ஊருக்குப் போனப்ப, பலாப்பழக் கடைக்காரர் என்னை நிறுத்தி, “ஏம்மா, கடலூர் வரைக்கும் வந்தவங்களை இறங்க விடலையாமே?”ன்னு கேட்டார். ஆக, அந்த வண்டியில நான்தான் வில்லி.

இதை ஏன் சொல்றேன்? தம்பி நினைக்கிற மாதிரி நான் ஆளில்லா வண்டிக்கு எதிரி இல்லைங்க. புக்கிட் பாஞ்சாங்ல 1999லேயே ஆளில்லாம எல்ஆர்டி ஓடுச்சு. வடகிழக்கு ரயிலும் 2003ல இருந்து அப்படித்தான் ஓடுது. மின்சாரத்துல ஓடுது, புகை இல்ல. ஏழைக்கும் பணக்காரனுக்கும் தூரத்துக்கு ஏத்த ஒரே கட்டணம், மூத்தவங்களுக்குச் சலுகை. அதுல எல்லாரும் ஏறுறோம். எனக்கு ஆகாதது ஆள் ஓட்டாத வண்டி இல்ல, ஆள் ஏறாத வண்டி.

கலிஃபோர்னியாவுல பெர்க்லி பல்கலைக்கழகத்துக்காரங்க ஒரு வேலை பண்ணாங்க. தானோட்டி கார் வந்தா மனுஷன் எப்படி நடந்துக்குவான்னு பார்க்க, 13 பேருக்கு ஒரு வாரம் ஓசியில ஓட்டுநர் கொடுத்தாங்க. 2018ல முடிவு வந்துச்சு. வண்டி ஓடின தூரம் 83 விழுக்காடு கூடிருச்சு! ஓசியில ஆள் கிடைச்சதும், சும்மா இருந்த வண்டிக்குக் கால் முளைச்சிருச்சு. அதுல ஒரு பங்கு, வீட்டுக்காரங்க ஒருத்தர்கூட உள்ள இல்லாம ஓடின தூரம். கறிவேப்பிலை வாங்க மட்டும் வண்டி போயிருக்கும்னு நினைக்கிறேன்.

2024ல சான்பிரான்சிஸ்கோவுல, தானோட்டி டாக்சி விடுற வேமோ கம்பெனி வண்டிகள் நிறுத்துற இடத்துல, விடியக்காலை நாலு மணிக்கு ஒண்ணைப் பார்த்து ஒண்ணு ஹார்ன் அடிச்சுக்கிச்சாம். அக்கம்பக்கத்துல ஒருத்தருக்கும் தூக்கம் இல்ல. ஓட்டுநர் இருந்திருந்தா கதவைத் திறந்து இறங்கி, ரெண்டு கெட்ட வார்த்தை பேசி, டீ குடிச்சுச் சமாதானம் ஆகியிருப்பாங்க.

லிஸ்பன் கணக்கைத் தம்பி சொன்னார். அந்த நகரத்துல எல்லாமே தானோட்டி காரா இருந்தா என்னாகும்னு 2015ல கணினியில போட்டுப் பார்த்தாங்களாம், பத்துக் காருக்கு ஒம்பது கார் தேவையில்லைன்னு வந்துச்சாம். சரிதான். ஆனா பாதியைச் சொல்லிட்டு உட்கார்ந்துட்டார். சவாரியைப் பகிர்ந்துக்கணும், கூடவே மெட்ரோவும் இருக்கணும், அப்பத்தான் ஒம்பது கார் போகும். அப்பவும் மொத்தமா ஓடுற தூரம் கொஞ்சம் கூடத்தான் செஞ்சது. நம்ம ஊர்ல 2023ல சின்னக் காருக்கு, கார் வச்சுக்க அரசாங்கத்துகிட்ட எடுக்க வேண்டிய வாகன உரிமைச் சான்றிதழே ஒரு லட்சம் சிங்கப்பூர் வெள்ளியைத் தாண்டுச்சு. அவ்வளவு கொடுத்துத் தானோட்டி கார் வாங்கினவர், “வாங்க, வழியில இறக்கி விடுறேன்”னு உங்களை ஏத்திக்குவாரா?

இன்னொண்ணு. தம்பி, நீங்களும் நானும் ஒரே நிறம். 2019ல அமெரிக்காவுல ஜார்ஜியா டெக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தானோட்டி காருக்கு வேண்டிய, ரோட்டுல ஆளைக் கண்டுபிடிக்கிற மென்பொருள்களைச் சோதிச்சாங்க. கருத்த தோல்காரங்களை அடையாளம் காண்றதுல அதுங்க சராசரியா 5 விழுக்காடு பின்தங்கிச்சு. “நன்மை எல்லாருக்கும்”னு பேசிட்டு ராத்திரி ரோட்டைத் தாண்டும்போது வெள்ளைச் சட்டையோட தாண்டுங்க.

இப்ப குதிரைக்கு வர்றேன். லிட்டில் இந்தியாவுல, நம்ம தேக்காவுல, கெர்பாவ் சாலை இருக்கு. கெர்பாவ்னா மலாயில எருமை. மாடு கட்டின வட்டாரம் அது. மாடு போச்சு, மாட்டுக்காரர் பிள்ளை அழுதாரா? பஸ் ஓட்டப் போனார். பஸ் ஓட்டினவர் பிள்ளை டாக்சி எடுத்தார். ஒவ்வொரு தடவையும் வண்டிதான் மாறுச்சு, பிடிக்க ஒரு கை வேணும்னு இருந்துச்சு. இப்பத்தான் கையே வேணாம்ங்கிறாங்க. அதனால குதிரைவண்டிக் கதை இங்க செல்லாது தம்பி. குதிரையை அவுத்து விட்டாங்க, வண்டிக்காரரை அவுத்து விடல.

டாக்சிக்காரர் மகள்னு சொன்னீங்க. ஆமாங்க. எங்கப்பா 75 வயசு வரைக்கும் ஓட்டினார், அதுக்கு மேல அவருக்கு உரிமம் கொடுக்கல. திங்கள், புதன், வெள்ளி ஒரு சீனப் பாட்டியை டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போவார். அந்தம்மாவுக்குத் தமிழ் தெரியாது, இவருக்குச் சீனம் வராது. ரெண்டு பேருக்கும் கடைத்தெருவுல பேசுற பாசார் மலாய்தான். மீட்டரை நிறுத்திட்டுத்தான் இறங்குவார். சக்கர நாற்காலியை விரிச்சு, பிரேக் போட்டு, பாட்டியை உட்கார வச்சு, லிஃப்ட் கதவு மூடுற வரைக்கும் நிப்பார். ஒரு புதன்கிழமை பாட்டி வரல. அவங்க அடுக்குமாடி புளோக்குக் கீழ, சாவுக்குக் கட்டுற வெள்ளைத் துணி கட்டியிருந்துச்சு. வண்டியை ஓரமா நிறுத்திட்டு, அங்க போட்டிருந்த மேசையில போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்துட்டு வந்தார். வீட்டுக்கு வந்து சோறு சாப்பிடல.

இப்ப அப்பாவே சக்கர நாற்காலியில. பொங்கோல்ல ஆளில்லா வண்டி விடப் போறாங்கன்னு 2025 செப்டம்பர்ல அறிவிப்பு வந்த அன்னிக்கு, செய்தியைச் சத்தமா வாசிச்சுக் காட்டினேன். எந்தெந்த வழியில போகும்னு கேட்டார். எல்லாம் கேட்டுட்டு, மடியில இருந்த கையைப் பார்த்துக்கிட்டே, “அதுல நாற்காலியை மடிச்சு வைக்கிறது யாரும்மா?”ன்னார்.

நான் ஒண்ணும் சொல்லலைங்க.

மணி அடிச்சிட்டீங்க ஐயா, உட்கார்ந்துடுறேன். அடுத்துப் பேச வர்ற தம்பி, எங்கப்பா முன்வரிசையில ஓரத்துலதான் இருக்கார். பதிலை அவர்கிட்டயே சொல்லிடுங்க.