சோப்பா, தடுப்பூசியா? நோயைக் குறைத்தது எது?

சரி, அடுத்த கேள்வி. கொஞ்சம் நீளமானது, சுருக்கிச் சொல்கிறேன். "தட்டம்மைக்குத் தடுப்பூசி வருவதற்கு முன்பே அதனால் வரும் சாவு குறைந்துவிட்டது என்று ஒரு வரைபடம் எங்கள் குடும்பக் குழுவில் சுற்றுகிறது. சுத்தமான தண்ணீர், சோப்பு, கழிப்பறை இவைதான் நோய்களை விரட்டின, தடுப்பூசி கடைசியில் வந்து பெயரை வாங்கிக்கொண்டது என்று பெரியவர்களே சொல்கிறார்கள். இதற்கு என்ன பதில் சொல்வது?" என்று கேட்டிருக்கிறார் ஒருவர். கூடவே போலியோ சொட்டு மருந்துக் குப்பியில் இருக்கும் ஒரு அடையாளத்தைப் பற்றியும் கேட்டிருக்கிறார். அதைக் கடைசியில் பார்ப்போம்.

முதலில் ஒன்று. அந்த வரைபடம் பொய் இல்லை. அமெரிக்காவில் 1900-க்கும் 1960-க்கும் நடுவில் தட்டம்மையால் இறந்தவர்கள் எண்ணிக்கை உண்மையிலேயே மளமளவென்று இறங்கியது. குழந்தைகளுக்கு நல்ல சாப்பாடு கிடைத்தது, வீட்டில் நெரிசல் குறைந்தது, தட்டம்மைக்குப் பின்னால் வரும் நிமோனியாவுக்கு ஆன்டிபயாடிக் வந்தது. இதெல்லாம் காரணம். உங்கள் பெரியவர்களிடம் இதை மறுக்கப் போகாதீர்கள்.

ஆனால் அந்த வரைபடத்தில் இருப்பது சாவுக் கணக்கு. நோய் வந்தவர்கள் கணக்கு அதில் இல்லை. அதை எடுத்துப் பக்கத்தில் வைத்தால் கதையே மாறிவிடும். 1963-இல் தடுப்பூசி வருவதற்கு முந்தைய ஆண்டுகளில், அதே அமெரிக்காவில், பதிவான தட்டம்மை மட்டும் ஆண்டுக்குச் சுமார் 5 லட்சம். பதிவாகாததையும் சேர்த்தால் 30 முதல் 40 லட்சம் என்று கணிக்கிறார்கள். அதாவது பிறந்த குழந்தை ஏறக்குறைய ஒன்று விடாமல் எல்லாவற்றுக்கும் வந்திருக்கிறது. ஆண்டுக்கு 400 முதல் 500 பேர் இறந்தார்கள், சுமார் 48,000 பேர் ஆஸ்பத்திரியில் படுத்தார்கள், ஏறத்தாழ 1,000 பேருக்கு மூளை வீக்கம் வந்தது. அந்த ஊர்களில் குழாய்த் தண்ணீர் இருந்தது, சோப்பு இருந்தது, கழிப்பறை இருந்தது. எல்லாம் இருந்தும் தட்டம்மை அசையவில்லை. தடுப்பூசி வந்து ஐந்தே ஆண்டில், 1968-இல், பதிவான எண்ணிக்கை சுமார் 22,000. அந்த ஐந்து ஆண்டில் யாரும் புதிதாகக் கை கழுவக் கற்றுக்கொள்ளவில்லையே.

ஏன் அசையவில்லை? தட்டம்மைக் கிருமி காற்றில் வருகிறது. நோய் உள்ளவர் ஒரு அறையை விட்டுப் போய் இரண்டு மணி நேரம் வரைகூட அது அந்தக் காற்றில் தங்கியிருக்கும். எதிர்ப்புச் சக்தி இல்லாத கூட்டத்தில் ஒருவரிடமிருந்து 12 முதல் 18 பேர் வரை பரவக்கூடிய நோய். கையை எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் மூச்சு விடாமல் இருக்க முடியாது.

அதனால் "சோப்பா, தடுப்பூசியா" என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. ஒவ்வொரு நோயையும் தனித்தனியாக எடுத்து, இந்தக் கிருமி எந்த வழியாக உள்ளே வருகிறது என்று கேட்க வேண்டும்.

தண்ணீர் வழியாக வருவதற்கு ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தைப் பாருங்கள். 1892-இல் அங்கே காலரா வந்தது. ஹாம்பர்க் நகரம் எல்பே ஆற்றுத் தண்ணீரை வடிகட்டாமல் அப்படியே குழாயில் விட்டது. ஒட்டியே இருந்த ஆல்டோனா என்ற ஊரும் அதே ஆற்றிலிருந்துதான் எடுத்தது, அதுவும் ஹாம்பர்க்கின் கழிவுநீர் கலந்த பிறகு, இன்னும் கீழே. ஆனால் அவர்கள் மணல் படுகையில் வடிகட்டித்தான் விட்டார்கள். ஹாம்பர்க்கில் சுமார் 8,600 பேர் இறந்தார்கள். ஆல்டோனா பெரும்பாலும் தப்பித்தது. இரண்டு ஊருக்கும் எல்லையாக இருந்த தெருவில், ஹாம்பர்க் குழாய் இருந்த பக்கம் காலரா, ஆல்டோனா குழாய் இருந்த பக்கம் இல்லை. காற்று ஒன்று, மண் ஒன்று, மக்கள் ஒன்று, குழாய் மட்டும் வேறு. இங்கே முழுப் பெருமையும் மணலுக்குத்தான். அப்புறம் 1908-இல் அமெரிக்காவின் ஜெர்சி சிட்டியில் ஜான் லீல் என்ற மருத்துவர் நகரத்தின் குடிநீர் முழுவதற்கும் தொடர்ந்து குளோரின் கலக்க ஆரம்பித்தார். அங்கிருந்து அந்த வழக்கம் ஊர் ஊராகப் பரவியது, டைபாய்டு சரிந்தது. கை கழுவுவதும் இந்த வகையில்தான் வரும். சோப்பு போட்டுக் கை கழுவும் பழக்கத்தை ஊக்குவித்த இடங்களில் குழந்தைகளின் வயிற்றுப்போக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் தெரிந்திருக்கிறது. சின்ன விஷயமே இல்லை.

இந்த இடத்தில் போலியோவைச் சொல்லியே ஆக வேண்டும். உங்கள் கேள்விக்கு நேரான பதில் இதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். போலியோவும் மலம் கலந்த கை, தண்ணீர், சாப்பாடு வழியாக வாய்க்கு வரும் கிருமிதான். சுத்தம் கூடக்கூட அது குறைந்திருக்க வேண்டும் இல்லையா? நடந்தது தலைகீழ். சுகாதாரம் மோசமாக இருந்த காலத்தில் எல்லாக் குழந்தைகளுக்கும் முதல் சில மாதங்களிலேயே இந்தக் கிருமி வந்துவிடும். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி அப்போது உடம்பில் மிச்சம் இருக்கும். அதனால் பெரும்பாலும் கால் கை போகாமல் தப்பித்து, வாழ்நாள் முழுக்கப் பாதுகாப்பும் கிடைத்துவிடும். கழிவுநீர்க் குழாய்களும் சுத்தமான தண்ணீரும் வந்த பிறகு குழந்தைகள் கிருமியைச் சந்திப்பதே தள்ளிப்போனது. நான்கு வயதில், எட்டு வயதில், சிலருக்கு வாலிபத்தில்தான் முதன்முறையாக வந்தது. அதற்குள் தாய் கொடுத்த பாதுகாப்பு தீர்ந்துபோயிருக்கும். வயது ஏறினால் வாதம் வரும் ஆபத்தும் ஏறும். இப்படித்தான் சுத்தமான நாடுகளில் போலியோ கொள்ளைநோயாக மாறியது என்று விளக்குகிறார்கள். 1916-இல் நியூயார்க் நகரத்தில் மட்டும் 2,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 1952-இல், சோப்புக்கும் கழிப்பறைக்கும் பஞ்சமில்லாத அமெரிக்காவில், சுமார் 58,000 பேருக்கு வந்தது. 1955-இல் சால்க் தடுப்பூசி வந்த பிறகுதான் அது இறங்கியது. சுகாதாரத்தில் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. அது பல லட்சம் குழந்தைகளை வயிற்றுப்போக்கிலிருந்து காப்பாற்றியது. ஆனால் அது மட்டுமே போதும் என்பவர்கள் போலியோவுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

இன்னொன்றையும் பேச ஆசைப்படுகிறேன். கண்டுபிடிப்பு என்றாலே ஜென்னர், பாஸ்டர் என்று பெரிய பெயர்களைச் சொல்கிறோம். நோயைத் துரத்தியதில் கையடக்கமான சில பொருட்களுக்குப் பெரிய பங்கு உண்டு, அவற்றை யாரும் பேசுவதில்லை.

நூறு ஆண்டுக்கு முன்பு அமெரிக்க ரயில்களிலும் பள்ளிகளிலும் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் சங்கிலியில் கட்டிய ஒரு தகரக் குவளை இருக்கும். எல்லோரும் அதில்தான் வாய் வைத்துக் குடிப்பார்கள். காசநோய் உள்ளவர், டிப்தீரியா வந்து தேறிய பையன், பக்கத்து இருக்கைக் கைக்குழந்தை, எல்லோருக்கும் அதே குவளை. கான்சஸ் மாநிலத்தின் சுகாதார அதிகாரியாக இருந்த சாமுவேல் க்ரம்பைன் 1909-இல் அந்தப் பொதுக் குவளையைத் தடை செய்ய வைத்தார். அதே காலத்தில் ஆல்வின் டேவிசன் என்ற பேராசிரியர் பள்ளிக்கூடக் குவளைகளின் விளிம்பில் படிந்ததை நுண்ணோக்கியில் வைத்து, அதில் மனித உதட்டுத் தோல் செல்களும் பாக்டீரியாக்களும் அப்பிக் கிடப்பதைக் காட்டினார். மக்கள் அருவருத்துப் போனார்கள். ஆனால் தாகத்துக்கு என்ன செய்வது? லாரன்ஸ் லூயெல்லன் என்பவர் அப்போதுதான் காகிதக் குவளை ஒன்றை உருவாக்கியிருந்தார். அது முதலில் 'ஹெல்த் கப்' என்றும் பிற்பாடு 'டிக்சி கப்' என்றும் விற்றது. தடை ஒரு பக்கம், குடிக்க மாற்று வழி இன்னொரு பக்கம். பிரச்சாரம் எடுபட்டதற்கு இதுதான் காரணம் என்பது என் கருத்து. "செய்யாதே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருந்தால் ஒரு வாரத்தில் குவளை மறுபடி தொங்கியிருக்கும். க்ரம்பைனுக்கு இந்தச் சூட்சுமம் நன்றாகத் தெரிந்திருந்தது. நடைபாதைச் செங்கற்களிலேயே "நடைபாதையில் துப்பாதீர்கள்" என்று அச்சுக் குத்த வைத்தார். துப்பக் குனிகிறவர் கண்ணில்தானே அது முதலில் படும்.

இப்போது பெரியம்மை. தடுக்கும் வழி 1796-லேயே ஜென்னர் கையில் கிடைத்துவிட்டது. ஆனால் 1967-இல் உலக சுகாதார நிறுவனம் தீவிர ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியபோதும் ஆண்டுக்கு 1 கோடி முதல் ஒன்றரைக் கோடிப் பேருக்குப் பெரியம்மை வந்துகொண்டிருந்தது. 170 ஆண்டுகள்! மருந்து இருந்தும் போய்ச் சேரவில்லை. முதல் தடை வெயில். பழைய திரவ மருந்து சூட்டில் சில நாளில் வீணாகிவிடும். 1950-களில் லண்டனில் லெஸ்லி கோலியர் மருந்தை உறையவைத்து உலர்த்திப் பொடியாக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். அந்தப் பொடி 37 டிகிரி வெப்பத்திலும் மாதக்கணக்கில் தாங்கியது.

இரண்டாவது தடை, குத்துவது எப்படி என்பது. அதற்குத் தீர்வு ஒரு ஊசி. 1960-களில் வையத் என்ற மருந்து நிறுவனத்தில் பெஞ்சமின் ரூபின் செய்தது. விரல் நீளத்துக்கும் குறைவான ஒரு உருக்குக் கம்பி, நுனி மட்டும் கவட்டை மாதிரி இரண்டாகப் பிரிந்திருக்கும். அதைக் கரைத்த மருந்தில் தோய்த்து எடுத்தால், அந்த இரண்டு பற்களுக்கு நடுவில் ஒரே ஒரு சொட்டு தொத்திக்கொண்டு நிற்கும். அளந்தாயிற்று, வேறு கருவி வேண்டாம். தோளுக்குக் கீழே ஒரு சின்ன வட்டத்துக்குள் 15 முறை வேகமாகக் குத்த வேண்டும், இலேசாக ரத்தம் துளிர்த்தால் சரியாகக் குத்தியாயிற்று என்று அர்த்தம். பழைய முறைக்குத் தேவைப்பட்ட மருந்தில் கால் பங்குதான் செலவாகும். கொதிக்க வைத்து மறுபடி பயன்படுத்தலாம். டாக்டர் தேவையில்லை, எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் கொஞ்ச நேரத்தில் கற்றுக்கொடுத்துவிடலாம். குத்திய இடம் கொப்புளமாகி, பொருக்காகி, தழும்பாகும். அந்தத் தழும்பே சான்றிதழ். பரிசோதகர் வந்தால் சீட்டு கேட்க வேண்டாம், கையைப் பார்த்தால் போதும்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன், அடிக்கடி கேட்கிறீர்கள். பெரியம்மைத் தடுப்பூசியை வழக்கமாகப் போடுவது 1980 வாக்கில் உலகெங்கும் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு பிறந்தவர்கள் தோளில் இருக்கும் சின்னத் தழும்பு பெரும்பாலும் காசநோய்க்குப் போடும் பிசிஜி ஊசியுடையது.

மருந்தும் ஊசியும் கிடைத்த பிறகும் உலகத்தில் எல்லோருக்கும் குத்தி முடிக்கவில்லை. நைஜீரியாவில் 1966 கடைசியில் வில்லியம் ஃபேகி என்ற மருத்துவரிடம் இருந்த மருந்து கொஞ்சம்தான். அதனால் நோய் எங்கே இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்து, அந்த நோயாளியைச் சுற்றியிருந்தவர்களுக்கு மட்டும் போட்டு வேலி கட்டினார். அது வேலை செய்தது, பிற்பாடு எல்லா நாடுகளிலும் இந்த முறையைத்தான் பிடித்துக்கொண்டார்கள். தேடுவதற்கு என்ன கருவி? பெரியம்மை கண்ட ஒரு குழந்தையின் படம் போட்ட அட்டை. அதைச் சந்தையிலும் பள்ளியிலும் நீட்டி, "இப்படி யாரையாவது பார்த்தீர்களா?" என்று கேட்பார்கள். பெரியவர்கள் மறைப்பதைப் பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள். 1977-இல் சோமாலியாவில் இயற்கையாகப் பரவிய கடைசி நோயாளி, 1980-இல் ஒழிந்தது என்று அறிவிப்பு. முகத்தோடு முகம் பேசும்போது பரவும் இந்த நோயைக் கழிப்பறை கட்டி ஒழித்திருக்க முடியாது.

சரி, இப்போது அந்தக் குப்பிக் கேள்வி. "போலியோ சொட்டு மருந்துக் குப்பியில் ஒரு வட்டமும் அதற்குள் ஒரு சதுரமும் இருக்கிறதே, அது எதற்கு?" வாயில் விடும் போலியோ மருந்துதான் வெப்பத்தை மிகக் குறைவாகத் தாங்கும் தடுப்பு மருந்துகளில் ஒன்று. குளிர்பெட்டியில் ஐஸ் எப்போது உருகியது, எத்தனை மணி நேரம் வெயிலில் கிடந்தது என்று கடைசியில் கொடுப்பவருக்கு எப்படித் தெரியும்? அதற்காக 1996 முதல் இந்த அடையாளத்தை ஒட்டுகிறார்கள். அந்தச் சதுரத்தில் இருக்கும் ரசாயனம் வெப்பம் படப்படக் கறுத்துக்கொண்டே போகும். திரும்ப ஐஸில் வைத்தாலும் வெளுக்காது, பட்ட வெப்பம் எல்லாம் அதில் சேர்ந்துகொண்டே இருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளிர் நிறமாக இருந்தால் கொடுக்கலாம். இரண்டும் ஒரே நிறம் ஆகிவிட்டால், அல்லது சதுரம் இன்னும் கறுத்துவிட்டால், காலாவதித் தேதி எவ்வளவு தள்ளி இருந்தாலும் அந்தக் குப்பியைப் பயன்படுத்தக் கூடாது. சொட்டு போடும்போது காட்டச் சொல்லிக் கேளுங்கள், தாராளமாகக் காட்டுவார்கள்.

ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள். சூட்டில் கெட்டதை மட்டும்தான் இந்தச் சதுரம் காட்டும், உறைந்து கெட்டதைக் காட்டாது. ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் போன்ற ஊசி மருந்துகள் உறைந்தால் கெட்டுவிடும். அதற்கு வேறு சோதனை இருக்கிறது. அதே வகைக் குப்பி ஒன்றை வேண்டுமென்றே உறையவைத்து உருக விடுவார்கள். அதையும் சந்தேகத்துக்குரிய குப்பியையும் சேர்த்துக் குலுக்கி மேஜையில் வைத்துப் பார்ப்பார்கள். சந்தேகக் குப்பியில் வண்டல் அதே வேகத்தில் படிந்தால், அல்லது அதைவிட வேகமாகப் படிந்தால், அது உறைந்து கெட்டது, ஒதுக்க வேண்டியதுதான். மெதுவாகப் படிந்தால் தாராளமாகப் போடலாம். அடுத்த கேள்விக்குப் போவோம்.