தேடிப் போன மருத்துவர்

நேயர்களுக்கு வணக்கம். மயங்கிக் கிடக்கும் ஒருவரை நீங்கள் தூக்கியதுண்டா? கைகால் துவண்டு, பிடி நழுவிக்கொண்டே போகும். நாலு பேர் சேர்ந்தாலும் மூச்சு வாங்கும். என் முதலுதவி வகுப்புகளில் முதல் பயிற்சியே அதுதான். அந்தக் கனத்தை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

நோயல் ஷவாஸ், பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஓடியவர். முதல் உலகப் போரில் லிவர்பூல் ஸ்காட்டிஷ் படைப்பிரிவோடு போனார்.

1916 ஆகஸ்ட் 9. பிரான்ஸில் சோம் போர்முனை, கில்மோன் கிராமம். பகல் முழுக்க எதிரியின் கண்ணெதிரே, திறந்தவெளியில் காயங்களுக்குக் கட்டுப்போட்டார். இருட்டியதும், எதிரி வரிசைக்கு முன்னாலேயே நான்கு மணி நேரம் தேடினார். ஆமாம், தேடினார். காயம்பட்டவர் தன்னிடம் வந்து சேரட்டும் என்று காத்திருக்கவில்லை. மறுநாள், துணைக்கு ஒரே ஓர் ஆள். குண்டுமழையில் ஒருவரை 500 கஜம் சுமந்து வந்தார். அதில் அவர் விலாவிலும் குண்டுச் சிதறல் பாய்ந்தது. அன்றிரவே 20 பேரோடு மறுபடி கிளம்பினார்! எதிரியின் பதுங்குகுழிக்கு 25 கஜத்தில் ஒரு குண்டுப்பள்ளம். அதிலிருந்து மூன்று பேரை மீட்டார்.

இன்னொன்று செய்தார், இதை நான் போகிற இடமெல்லாம் சொல்வேன். இயந்திரத் துப்பாக்கி சுட்டுக்கொண்டிருக்கும்போதே, இறந்தவர்களின் அடையாள வில்லைகளை, அதாவது வீரர்கள் அணிந்திருக்கும் பெயர் பொறித்த வில்லைகளை, சேகரித்தார். வில்லை வந்து சேராவிட்டால் அந்த வீட்டுக்குக் கிடைப்பது "காணவில்லை" என்ற ஒரு சொல்தான். வாசலில் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒரு தாய் எழுந்துபோய்ப் பார்ப்பாள், எத்தனை வருஷமானாலும். பிழைக்கக்கூடியவரைத் தூக்கி வந்தார், சரி. பிழைக்காதவரின் வீட்டையும் நினைத்தாரே! அந்த இரண்டு நாளில் அவரால் உயிர் தப்பியவர்கள் ஏறக்குறைய 20 பேர். போர்முனை வீரத்துக்கான பிரிட்டனின் மிக உயர்ந்த பதக்கம், விக்டோரியா கிராஸ் கொடுத்தார்கள்.

நேரம் ஓடுகிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். 1917 ஜூலை 31, பெல்ஜியத்தில் பாஷன்டேல் போர். மழை, முழங்கால் சேறு. ஒருவரைச் சுமந்து வரும்போது தலையில் அடிபட்டது. பின்னால் போகச் சொன்னார்கள், போகவில்லை. இரண்டு நாள், சாப்பாடும் தூக்கமும் சரியாக இல்லாமல், திரும்பத் திரும்பத் தேடிப் போனார். கடைசியில் அவருடைய முதலுதவி நிலையத்திலேயே குண்டு விழுந்தது. ஆகஸ்ட் 4 அன்று இறந்தார். வயது 32. அந்தப் போரில் விக்டோரியா கிராஸை இரண்டு முறை பெற்றவர் அவர் ஒருவர்தான். பெல்ஜியத்தின் பிராண்ட்ஹுக்கில் அவர் கல்லறைக் கல்லில் இரண்டு பதக்கங்கள் செதுக்கியிருக்கிறார்கள்.

ஸ்ட்ரெச்சர் தூக்கிய வீரர்களைப் பற்றித் தனியாகப் பேச எண்ணியிருந்தேன். கடிகாரம் விடவில்லை. அவரோடு அந்த இருட்டுக்குள் போன 20 பேரும் தாங்களாகவே முன்வந்தவர்கள் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். வணக்கம்.