பிரேக்கை எங்கே விடுவது? சென்னைக் காட்டுத் தடத்தில் மவுண்டன் பைக்

[காட்சி: காலை ஐந்தே முக்கால். மரங்களுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை. ஹேண்டில்பாரில் பொருத்திய கேமரா. சக்கரத்துக்கு அடியில் சரளை நெரிபடும் சத்தம்.]

இந்தச் சத்தத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். நறநறவென்று கேட்கிறதே, டயருக்கு அடியில் கல் உருளுகிறது என்று அர்த்தம். இது கேட்கிற இடத்தில் சைக்கிள் பாதிதான் உங்கள் பேச்சைக் கேட்கும். மீதிப் பாதியை எப்படிச் சமாளிப்பது என்பதுதான் இந்த வீடியோ.

மவுண்டன் பைக் என்றதும் "சென்னையில் மலைக்கு எங்கே போவது?" என்று கேட்கிறார்கள். தடம் கடினமாக இருக்க மலை கட்டாயம் இல்லை. சரளை, திருப்பம், வேர், பள்ளம் இவை மூச்சுவிட நேரமில்லாமல் அடுத்தடுத்து வந்தால் போதும். நாங்கள் ஓட்டுவது நகரின் தெற்கே ஒரு கல்வி வளாகத்துக்குள் இருக்கும் காட்டில். முறையாக அனுமதி வாங்கி, ஞாயிறு காலை மட்டும். மொத்தத் தடம் சுமார் இரண்டு கிலோமீட்டர். அதில் கடைசி எண்பது மீட்டரைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கிண்டி தேசியப் பூங்கா ஏறக்குறைய 270 ஹெக்டேர், ஊருக்கு நடுவிலேயே இருக்கிறது. பார்த்தால் ஆசை வரத்தான் செய்யும். ஆனால் அது வெளிமானும் புள்ளிமானும் வாழும் இடம், நம் டயர் அங்கே போக வேண்டாம். நன்மங்கலம், வண்டலூர் பக்கம் இருப்பவை காப்புக்காடுகள். அனுமதியில்லாமல் உள்ளே நுழைவது 1882-ம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். காட்டை நேசிப்பவர்கள்தான் இந்த விளையாட்டுக்கு வருகிறார்கள் என்று நான் நம்புகிறேன். அதனால் கேட்டு, அனுமதி கிடைத்த இடத்தில் மட்டும் ஓட்டுங்கள்.

[காட்சி: சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு இருவர் தடத்தில் நடந்து போகிறார்கள்.]

முதல் வேலை நடப்பது. வட அமெரிக்காவில் பல தடங்களின் வாசலிலேயே பச்சை வட்டம், நீலச் சதுரம், கறுப்பு வைரம் என்று பலகை வைத்திருப்பார்கள். எவ்வளவு கடினம் என்பது நுழையும்போதே தெரிந்துவிடும். நமக்கு அந்த வசதி இல்லை. போன வாரம் இருந்த தடம் இந்த வாரம் இருக்காது. ஒரு மழை பெய்தால் தண்ணீர் ஓடி நடுவில் வாய்க்கால் விழுந்திருக்கும். ஒரு காற்று அடித்தால் பனை மட்டை குறுக்கே கிடக்கும். அந்த மட்டையின் ஓரத்தில் ரம்பப் பல் மாதிரி இருக்கிறது பாருங்கள், கருக்கு. டயரின் அடிப்பகுதி தடிமனாக இருப்பதால் தாங்கிவிடும், பக்கச் சுவர்தான் கிழியும். பார்த்தால் இறங்கி எடுத்து ஓரமாகப் போட்டுவிடுங்கள், பின்னால் வருபவருக்கும் உதவி.

[காட்சி: இடதுபக்கம் திரும்பும் சரளைச் சரிவு. தரையை ஒட்டிய கேமரா. உருண்டையான செந்நிறக் கற்கள், பட்டாணி அளவில்.]

சரி, நம் எண்பது மீட்டர் இங்கே தொடங்குகிறது. இந்தச் செம்மண் சரளை சென்னையின் தென்மேற்குப் பக்கம் நிறைய உண்டு. 1863-ல் பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கோடரியைக் கண்டெடுத்தது இப்படிப்பட்ட சரளைக் குழியில்தான். அவ்வளவு பழைய நிலத்தில் சக்கரம் ஓடுகிறது என்று நினைத்தாலே எனக்குச் சிலிர்க்கும். ஓட்டுகிறவருக்கு இந்தச் சரளை என்ன செய்கிறது என்றால், கெட்டியான தரைக்கு மேலே குண்டுமணியைக் கொட்டிவைத்த மாதிரி. டயர் தரையைத் தொடுவதே இல்லை, கல்லைத்தான் தொடுகிறது.

போன வருடம் நான் விழுந்தது இந்தத் திருப்பத்தில்தான். வேகமாக வந்தேன், திரும்ப ஆரம்பித்த பிறகு பயம் வந்தது, முன் பிரேக்கை அழுத்திப் பிடித்தேன். முன் சக்கரம் உருளுவதை நிறுத்திவிட்டுச் சறுக்க ஆரம்பித்தது. அடுத்த நொடி முழங்கை தரையில். எங்கள் குழுவில் மூத்தவரான அண்ணன் வந்து காயத்தைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "தம்பி, நீ பிரேக் பிடிச்சது தப்பில்ல. பிடிச்ச இடம்தான் தப்பு."

அவர் சொன்னதைத்தான் இப்போது விரித்துச் சொல்கிறேன்.

[காட்சி: வரைபடம். டயர் தரையைத் தொடும் இடம் பெரிதாகத் தெரிகிறது. இரண்டு அம்புக்குறிகள்: பின்னோக்கி ஒன்று, பக்கவாட்டில் ஒன்று.]

டயருக்குத் தரையில் இருக்கும் பிடிமானம் ஓர் அளவுக்குத்தான். அதிலிருந்துதான் நிறுத்தவும் எடுக்க வேண்டும், திருப்பத்தில் வளையவும் எடுக்க வேண்டும். மாதச் சம்பளம் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். முழுவதையும் பிரேக்கில் செலவழித்துவிட்டால் திரும்புவதற்கு ஒன்றும் மிஞ்சாது. தார்ச்சாலையில் சம்பளம் பெரிது, அதனால் இரண்டையும் சேர்த்துச் செய்தாலும் தெரியாது. சரளையில் சம்பளம் ரொம்பக் குறைவு.

அதனால் வரிசை முக்கியம். திருப்பத்துக்கு ஆறேழு மீட்டர் முன்னால், சைக்கிள் நேராக இருக்கும்போதே பிரேக் பிடித்து வேகத்தைக் குறைத்துவிடுங்கள். இரண்டு பிரேக்கையும் பிடிக்கலாம். பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்கிறது, முன் டயர் தரையில் அழுந்துகிறது, ஆகவே நேராகப் போகும் வரை முன் பிரேக்குக்குத்தான் வலு அதிகம். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அப்புறம், சக்கரம் திரும்பத் தொடங்குவதற்கு முன் விரலைத் தளர்த்துங்கள். விடுகிற இடம் எது என்று நடந்து பார்க்கும்போதே ஓர் அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே எனக்கு அடையாளம் இந்தக் காரைச் செடி. இதைத் தாண்டினால் பிரேக்கில் விரல் இருக்கும், அழுத்தம் இருக்காது.

நாலு விரலால் பிரேக்கை இறுக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். இன்றைய டிஸ்க் பிரேக்குக்கு ஆள்காட்டி விரல் ஒன்றே போதும், மற்ற மூன்றும் ஹேண்டில்பாரைப் பிடிக்கட்டும். எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1976-ல் கலிபோர்னியாவின் மரின் கவுண்டியில் ஒரு மண் சரிவில் பழைய கனத்த சைக்கிள்களை எடுத்துக்கொண்டு பந்தயம் விட்டார்கள். ஒரு தடவை கீழே வருவதற்குள் பின் சக்கர பிரேக் சூடேறி, சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பில் அடைத்த கிரீஸ் புகைந்து போய்விடும். மறுபடி புதிதாக அடைக்க வேண்டும். அந்தக் கிரீஸ் அடைக்கும் வேலையால்தான் பந்தயத்துக்கு ரீபேக் என்று பெயரே வந்தது. மவுண்டன் பைக் என்ற விளையாட்டு வளர்ந்தது அந்த மாதிரிச் சரிவுகளில்தான். இருபது வருடத்தில், 1996 அட்லாண்டாவில், ஒலிம்பிக்குக்கே வந்துவிட்டது.

[காட்சி: திருப்பத்துக்கு அடுத்து, தடத்தின் குறுக்கே வேப்ப மர வேர்கள். மெதுவாக ஓடும் காட்சி.]

திருப்பம் முடிந்ததும் வேர்கள். இங்கே கண் செய்யும் தப்பு பெரியது. வேரையே பார்த்தால் சக்கரம் அதில்தான் போய் ஏறும். பார்வை வேருக்கு அப்பால், நீங்கள் போக விரும்பும் இடத்தில் இருக்கட்டும்.

வேரைச் செங்குத்தாகக் கடக்க வேண்டும். சாய்வாக ஏறினால் டயர் வேரோடு சேர்ந்து வழுக்கிக்கொண்டு போகும், ஈரமாக இருந்தால் கேட்கவே வேண்டாம். வேரின் மேல் பிரேக் கிடையாது. பெடல் இரண்டும் தரைக்குச் சமமாக, சீட்டில் இருந்து எழுந்து, முழங்கையும் முழங்காலும் மடங்கிய நிலையில் நில்லுங்கள். உங்களுக்கு அடியில் சைக்கிள் குதிக்கட்டும், உங்கள் தலை மட்டும் ஒரே உயரத்தில் போகட்டும். தலையில் தண்ணீர்க் குடம் வைத்து நடக்கிறவரின் இடுப்பும் காலும் எப்படி வேலை செய்யும்? அதே வேலைதான்.

[காட்சி: குறுக்கே கிடக்கும் மரத்தண்டு.]

கடைசியில் இந்த மரம். 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் சாய்த்தது. இதைத் தாண்ட முன் சக்கரத்தைத் தூக்கத் தெரிய வேண்டும். அது தனி வீடியோவுக்கான விஷயம். தெரியாதவரை இறங்கித் தூக்கி வையுங்கள், இதில் ஒரு குறையும் இல்லை.

[காட்சி: கையடக்கக் காற்று அளவி டயரில்.]

எல்லோரும் கேட்பது டயர் காற்று. தெருமுனைப் பம்பில் கல் மாதிரி அடித்துவிட்டு வருகிறார்கள். டயர் ஒவ்வொரு கல்லிலும் துள்ளும், பிடிமானம் போகும். ட்யூப் போட்ட அகல டயர், எழுபது கிலோ ஆள் என்றால் 30 பிஎஸ்ஐ சுற்றி ஆரம்பியுங்கள். ரொம்பக் குறைத்தால் ரிம்மும் கல்லும் ட்யூபைக் கடித்து, பாம்புக் கடி மாதிரி பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை போடும். ட்யூப்லெஸ் என்றால் 25 வரை இறங்கலாம்.

மழைக்காலம் பற்றி நான் கறாராகவே சொல்வேன். அக்டோபர் முதல் டிசம்பர் வரை, தடம் சேறாக இருந்தால் ஓட்டாதீர்கள். ஈரத்தில் பதியும் டயர்த் தடம் காய்ந்து பள்ளமாகும், அடுத்த மழை அதன் வழியே மண்ணை அரித்துக்கொண்டு போகும். இரண்டு மூன்று நாள் வெயில் அடிக்கட்டும்.

கோடையில் எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். ஹெல்மெட், கையுறை, குறைந்தது ஒன்றரை லிட்டர் தண்ணீர். பங்க்சர் ஒட்ட உட்கார வேண்டி வந்தால் சருகுக் குவியலில் உட்காராமல் வெட்டவெளிக்கு வாருங்கள். கண்ணாடி விரியன் சருகோடு சருகாகத்தான் படுத்திருக்கும்.

[காட்சி: தடத்தின் முடிவு. சைக்கிள் தலைகீழாக நிற்கிறது. கையுறை போட்ட கை டயரைத் தடவுகிறது.]

ரோட்டில் ஏறுமுன் இதைச் செய்யுங்கள். சக்கரத்தை மெதுவாகச் சுற்றிக்கொண்டே டயரைத் தடவிப் பாருங்கள். இதோ, சீமைக் கருவேல முள். முனை உள்ளே, அடி வெளியே. ட்யூப்லெஸ்ஸில் இதைப் பிடுங்கியதும் "உஸ்" என்று காற்று வரும், பதற வேண்டாம். ஓட்டை கீழே வருகிற மாதிரி சக்கரத்தைத் திருப்பி நிறுத்துங்கள். உள்ளே ஊற்றிவைத்திருக்கும் சீலன்ட் என்ற ஓட்டை அடைக்கும் திரவம் வழிந்து வந்து அடைத்துவிடும். நம் ஊர்ச் சூட்டில் அது சீக்கிரம் காய்ந்துபோகும், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்து ஊற்றுங்கள். "உஸ்" சத்தம் நின்றுவிட்டதா? ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள், ஈரம் தெரியாவிட்டால் கிளம்பலாம்.