விட்டுப்போனவர்களோடு கொஞ்சம் பேச வேண்டும்

வணக்கம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ரேடியோவைப் போட்டுவிட்டு வேலை பார்த்துக்கொண்டிருக்கும் எல்லோருக்கும் வணக்கம். நான் 2006 முதல் பல வருடம் ஒரு நம்பிக்கை மையத்தில் ஆலோசகராக இருந்தவள். அரசு ஆஸ்பத்திரிக்குள் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் அந்தச் சின்ன அறையை நீங்கள் பார்த்திருப்பீர்கள், ஒரு மேசை, இரண்டு நாற்காலி, சாத்திக்கொள்ள ஒரு கதவு, அவ்வளவுதான் இருக்கும்.

எச்.ஐ.வி. பற்றிப் பேசக் கூப்பிட்டால் எப்படிப் பரவும் என்பதில் ஆரம்பிப்பது வழக்கம். கொசுக்கடியால் வராது, ஒரே தட்டில் சாப்பிட்டால் வராது, பாதுகாப்பற்ற உடலுறவு, ரத்தம், பலர் போடும் ஒரே ஊசி, தாயிடமிருந்து குழந்தைக்கு, இப்படித்தான் வரும். சரி, அதோடு அதை விட்டுவிடுகிறேன். நான் இன்று பேச வந்தது வேறு ஆட்களோடு. தனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது என்று எப்போதோ தெரிந்துகொண்டு, ஒரு தடவையோ பத்துத் தடவையோ ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டு, அப்புறம் வராமலே நின்றுபோனவர்கள் இருக்கிறீர்களே, உங்களோடுதான்.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன், ஆள் அடையாளம் தெரியக் கூடாது என்பதால் ஊரைச் சொல்லவில்லை. 2012-ல் பரிசோதனைக்கு வந்தார், பெங்களூருவில் கட்டட வேலை. எச்.ஐ.வி. உறுதியானது. அந்தக் காலத்தில் ஒரு விதி இருந்தது: ரத்தத்தில் சி.டி.4 என்ற எதிர்ப்பு அணுக்கள் எவ்வளவு இருக்கிறது என்று எண்ணுவார்கள், 350-க்குக் கீழே இறங்கினால்தான் எச்.ஐ.வி.யை அடக்கி வைக்கும் கூட்டு மருந்து மாத்திரை தொடங்குவார்கள். இவருக்கு 350-க்கு மேலே இருந்தது. அதனால் "இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வந்து பரிசோதித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அனுப்பினோம். அவர் காதில் 'வேண்டாம்' என்ற வார்த்தை மட்டும்தான் விழுந்திருக்கிறது. உடம்பில் ஒரு கோளாறும் இல்லாதவர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு எதற்கு வருவார்? வரவில்லை. நான் ஒரு தடவை தேடிப் போனேன், அவர் கொடுத்திருந்த முகவரியில் வேறு குடும்பம் இருந்தது, போன் நம்பரும் மாறியிருந்தது.

2017-ல் அந்த விதியே போய்விட்டது. எச்.ஐ.வி. உறுதியானால் சி.டி.4 எவ்வளவு இருந்தாலும் சரி, உடனே மாத்திரை தொடங்க வேண்டும் என்று நாடு முழுக்க மாற்றினார்கள். ஆனால் அதை அவரிடம் யார் போய்ச் சொல்வது? 2018-ல் அவரைத் தம்பி தோளில் சாய்த்துக் கூட்டிக்கொண்டு வந்தார். காசநோய் முற்றிவிட்டது. முப்பத்தெட்டு கிலோ. எச்.ஐ.வி. உள்ளவர்களின் உயிரை எடுப்பதில் முதல் இடம் காசநோய்க்குத்தான், அதுவும் மாத்திரை சாப்பிடாமல் எதிர்ப்புச் சக்தி விழுந்த உடம்பு என்றால் சீக்கிரமாகவே பிடித்துக்கொள்ளும். முதலில் காசநோய்க்கு மருந்து, சில வாரத்தில் கூட்டு மருந்து, அதற்கப்புறம் நாலைந்து மாதம் ராகிக் களியும் முட்டையும் என்று அவர் அம்மா அவரை மீட்டு எடுத்தார். இப்போது வேலைக்குப் போகிறார். ஆனால் அந்த ஆறு வருடமும் அவர் படத் தேவையில்லாத பாடு. அன்றைக்கு இன்னும் பத்து நிமிடம் கூட உட்கார வைத்துப் பேசியிருக்கலாமே என்று எனக்கு இன்றும் தோன்றும்.

உங்களில் யாராவது அப்படி "அப்புறம் வா" என்று கேட்டுவிட்டு வீட்டில் இருந்தால், அந்தப் பேச்சு இப்போது செல்லாது. நாளைக்கே போகலாம்.

இன்னொரு கூட்டம் உண்டு. மாத்திரையைத் தொடங்கிவிட்டு, சாப்பிட முடியாமல் விட்டவர்கள். அதில் நான் யாரையும் குறை சொல்ல மாட்டேன், ஏனென்றால் பழைய மாத்திரையில் எஃபாவிரென்ஸ் என்று ஒரு மருந்து இருந்தது, ராத்திரி சாப்பிட்டுப் படுத்தால் தலை சுற்றும், கண்டபடி கனவு வரும். விடிகாலையில் எழுந்து மாங்காய் லோடு ஏற்றப் போகிறவர் அதை எத்தனை நாள் தாங்குவார்? ராத்திரி லாரி ஓட்டுகிறவர் தொப்பூர் கணவாயில் அந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு எப்படி இறங்குவார்? இப்போது பெரும்பாலானவர்களுக்கு அதற்குப் பதிலாக டோலுடெக்ராவிர் சேர்ந்த மாத்திரை கொடுக்கிறார்கள். ஒரு நாளைக்கு ஒரே ஒரு மாத்திரை, மூன்று மருந்தும் அதற்குள்ளேயே. பெரும்பாலும் அந்தத் தலைசுற்றல் தொல்லை இதில் இல்லை. காலையோ ராத்திரியோ, உங்கள் வேலைக்கு ஒத்துவரும் ஒரு நேரத்தைப் பிடித்துக்கொண்டு தினமும் அதே நேரத்தில் சாப்பிட வேண்டும். ஒன்றை மட்டும் கவனியுங்கள், இரும்புச்சத்து மாத்திரை, சுண்ணாம்புச்சத்து மாத்திரை, அசிடிட்டி மருந்து இதெல்லாம் இந்த மாத்திரை உடம்பில் சேர்வதைத் தடுக்கும், அதனால் எவ்வளவு இடைவெளி விட்டுச் சாப்பிடுவது என்று மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகள் கட்டாயம் கேட்க வேண்டும்.

இந்த மருந்து முழுக்க இலவசம். 2004 ஏப்ரலில் அரசு இலவச சிகிச்சையைத் தொடங்கியபோது நாடு முழுக்க எட்டே மருத்துவமனைகள், தமிழ்நாட்டில் தாம்பரம் சானடோரியம் ஆஸ்பத்திரி அதில் ஒன்று. நம் பக்கத்திலிருந்து போக வேண்டும் என்றால் ஒரு ராத்திரிப் பயணம், பஸ் காசு, அங்கே தங்கல், இரண்டு நாள் கூலி. இப்போது தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு ஆஸ்பத்திரியிலேயே ஏ.ஆர்.டி. மையம், அதாவது இந்தக் கூட்டு மருந்து கொடுக்கும் மையம், இருக்கிறது. அப்படியும் நம் ஆட்கள் பக்கத்து மையத்தைத் தாண்டிக்கொண்டு சேலத்துக்கோ பெங்களூருவுக்கோ போகிறார்கள். காரணம் எனக்குத் தெரியும். வரிசையில் நிற்கும்போது ஊர்க்காரர் யாராவது பார்த்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். ஒரு அம்மா மாத்திரை டப்பாவின் லேபிளைக் கிழித்துவிட்டு, பையில் குலுங்கிச் சத்தம் வராமல் இருக்க உள்ளே பஞ்சை அடைத்து எடுத்துப் போவார். மாமியாருக்குச் சத்தம் கேட்கக் கூடாதாம்.

அந்தப் பயத்தைத் தப்பென்று நான் சொல்ல மாட்டேன், எங்கே வேண்டுமானாலும் போய் வாங்குங்கள், ஆனால் விடாமல் போக முடிகிற இடமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். தூரமாகப் பதிவு செய்தவர்தான் மழை பெய்தால், வேலை அதிகமானால், கையில் காசு இல்லாவிட்டால் முதலில் விடுகிறார். அஞ்செட்டிப் பக்கம் மலைக் கிராமத்திலிருந்து நடந்து இறங்கி பஸ் பிடிக்கிறவருக்கு இது இன்னும் கஷ்டம். உடம்பு நிலையாக இருந்து மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறவர்களுக்குச் சில மாத மாத்திரையை ஒரே தடவையாகக் கொடுக்கும் வழி இருக்கிறது, அதைக் கேளுங்கள். பெரிய மையத்தோடு இணைந்து உங்களுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியிலேயே மாத்திரை தரும் இணைப்பு மையங்களும் உண்டு. வேலைக்காக பெங்களூருவோ திருப்பூரோ போகிறீர்கள் என்றால், சொல்லாமல் போகாமல், இடமாற்றம் எழுதி வாங்கிக்கொண்டு போனால் அங்கேயே வாங்கலாம்.

இனி ஒரு விஷயம், இதை நம் ஊரில் யாரும் போதுமான அளவு சத்தமாகச் சொல்வதில்லை. மாத்திரை தொடங்கி ஆறு மாதத்தில், அப்புறம் குறிப்பிட்ட இடைவெளியில், ரத்தத்தில் எவ்வளவு வைரஸ் இருக்கிறது என்று ஒரு பரிசோதனை எடுப்பார்கள், அதுவும் இலவசம். தினமும் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அந்த அளவு கருவியில் தெரியாத அளவுக்குக் கீழே போய்விடும். அப்படிக் கீழேயே இருக்கும்வரை உடலுறவின் மூலம் அவரிடமிருந்து துணைக்கு எச்.ஐ.வி. பரவாது. உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான தம்பதிகளை வருடக்கணக்கில் கவனித்து உறுதி செய்த விஷயம் இது. இதை முதல் தடவை கேட்ட ஒரு கணவனும் மனைவியும் என் மேசைக்கு எதிரே வெகுநேரம் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள், அவர் கடைசியில் "அப்ப நான் இவள் பக்கத்துல பயப்படாம படுக்கலாமா மேடம்?" என்றார். குழந்தை விஷயமும் அப்படித்தான். சிகிச்சையே இல்லாவிட்டால் நூறில் 15 முதல் 45 குழந்தைகளுக்குப் பரவக்கூடும், தாய் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டு, பிறந்த குழந்தைக்கும் மருந்து கொடுத்தால் அது 5-க்கும் கீழே வந்துவிடும். குழந்தைக்கு ஆறாவது வாரத்தில் முதல் பரிசோதனை, பதினெட்டாவது மாதத்தில் கடைசிப் பரிசோதனை. அந்தப் பதினெட்டாவது மாதம் முடிவு வாங்க வரும் தாய்மார்களுக்குக் கை நடுங்கும், எனக்கும்தான்.

இதுவரை பரிசோதனையே செய்யாதவர்களுக்கு: நம்பிக்கை மையத்தில் இலவசம், பெரும்பாலும் அன்றைக்கே முடிவு கிடைக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதல் சோதனையில் இருப்பதாகக் காட்டினால் அதையே முடிவாக எடுத்துக்கொண்டு இடிந்து போய்விடாதீர்கள், மூன்று வெவ்வேறு சோதனைகளில் பார்த்துத்தான் உறுதி செய்வார்கள். காசநோய் இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் கட்டாயம் செய்துகொள்ளுங்கள்.

சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. 2017-ல் இயற்றி 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டப்படி உங்கள் சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கக் கூடாது, முடிவை வெளியே சொல்லக் கூடாது, எச்.ஐ.வி.யைக் காட்டி சிகிச்சையையோ வேலையையோ வாடகை வீட்டையோ மறுக்கக் கூடாது. ஓசூர் தொழிற்சாலைகளில் இருப்பவர்கள் குறிப்பாகக் கேளுங்கள், நூறு பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் இதற்கென்று ஒரு புகார் அதிகாரி இருக்க வேண்டும். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டு, எச்.ஐ.வி. என்று தெரிந்ததும் படுக்கை இல்லை என்று அனுப்பிய ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு நான் ஒரு நோயாளியோடு நேரில் போனேன், சட்டத்தின் பெயரைச் சொல்லி எழுத்தில் காரணம் கேட்டதும் படுக்கை இருந்தது. ஆகவே கேளுங்கள். தனியாகக் கேட்கப் பயமாக இருந்தால் உங்கள் ஆலோசகரைக் கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள்.

கடைசியாக, விட்டுப்போனவர்களுக்கு. மாத்திரையை நிறுத்தி ஆறு மாதம் ஆனாலும் ஆறு வருடம் ஆனாலும் திரும்ப வரலாம். "ஏன் விட்டாய்" என்று திட்டுவார்களோ என்றுதான் பாதிப் பேர் வராமல் இருக்கிறீர்கள். யாராவது அப்படித் திட்டினால் அது அவர்கள் தப்பு, நீங்கள் ஆலோசகரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி உட்காருங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 1097 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள், காசு கிடையாது, பெயர் சொல்லத் தேவையில்லை. உங்கள் சிகிச்சை விவரம் எழுதி மையத்தில் கொடுத்த பச்சைப் புத்தகம் தொலைந்துபோயிருந்தால் பரவாயில்லை, வெறுங்கையோடு வாருங்கள், உங்கள் பழைய பதிவைத் தேடி எடுப்பது எங்கள் வேலை.

நன்றி, வணக்கம்.