மலையில் நின்று பார்த்த எருசலேம், கடலில் நின்று பார்த்த மதராஸ்

[திரையில்: பழைய எருசலேம் அச்சுப்படம், முழுதாக]

வணக்கம். ராயபுரம் பக்கம் பழைய கிறிஸ்தவ வீடுகளில் எருசலேம் படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முன்னால் மலைச்சரிவு, நடுவில் மதில், அதற்குள் ஒரு பெரிய குவிமாடம். நாம் பார்க்கப்போகும் படம் ஸ்காட்லாந்து ஓவியர் டேவிட் ராபர்ட்ஸ் 1839 ஏப்ரலில் ஒலிவ மலையிலிருந்து பார்த்து வரைந்தது.

ஒலிவ மலை நகரத்துக்குக் கிழக்கே இருக்கிறது. அப்படியானால் நாம் மேற்கே பார்த்து நிற்கிறோம். இடையில் கெதரோன் பள்ளத்தாக்கு. மலை, நகரத்தைவிடக் கொஞ்சம்தான் உயரம். அந்தக் கொஞ்சம்தான் ஓவியருக்கு வசதி: மதிலுக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்க்கலாம், கட்டடங்களின் முகமும் மறையாது. ரொம்ப உயரம் போயிருந்தால் வெறும் கூரைகள்தான் மிஞ்சும்.

[நெருக்கக் காட்சி: குவிமாடம்]

இதைக் கவனியுங்கள். 691 வாக்கில் கட்டிய பாறைக் குவிமாடம் இது, இஸ்லாமியர்களின் புனிதத் தலம். இன்றைய காலண்டர்களில் தகதகவென்று தங்க நிறத்தில் இருக்கும். ராபர்ட்ஸ் பார்த்தபோது மேலே ஈயத் தகடு, சாம்பல் நிறம். தங்க நிறமெல்லாம் 1960-களில் வந்த வேலை.

[நெருக்கக் காட்சி: மதில்]

மதில், துருக்கி சுல்தான் சுலைமான் 1537 முதல் 1541 வரை கட்டியது. 1839-இல் ஊர் முழுக்க இதற்குள்ளேதான். வெளியே புதுக் குடியிருப்புகள் எழுந்தது 1860-க்கு அப்புறம். மதிலுக்கு அந்தப் பக்கம் வெறும் குன்றுகளாக இருப்பதை ஓவியரின் கற்பனை என்று நினைக்க வேண்டாம்.

ஆனால் முன்னால் இருக்கும் மனிதர்கள்? அங்கே எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. ராபர்ட்ஸ் லண்டன் நாடக அரங்குகளில் திரைச்சீலை எழுதிய ஆள். மேடையில் யாரை எங்கே நிறுத்தினால் பின்னால் இருப்பது பிரம்மாண்டமாகத் தெரியும் என்பது அவருக்கு அத்துப்படி.

சரி, அச்சு எப்படி? சுண்ணாம்புக் கல்லின் மேல் எண்ணெய்ப் பசையுள்ள பென்சிலால் வரைவார்கள். கல்லை நனைத்து மை உருட்டினால், பசை உள்ள இடத்தில் மட்டும் மை ஒட்டும். இடம் வலமாக, கண்ணாடி பிம்பம் போல வரைய வேண்டும். ராபர்ட்ஸின் படங்களைக் கல்லில் ஏற்றியவர் லூயி ஹாக். பிறவியிலேயே வலது கை சரியில்லாதவர். இடது கையாலேயே வரைந்தார்.

[திரையில்: புனித ஜார்ஜ் கோட்டை, டேனியல் அச்சு]

இப்போது நம்ம ஊர். வடசென்னையில் மலை ஏது? பரங்கிமலைக்குத்தான் போக வேண்டும். கோட்டைக்குப் பக்கத்தில் நரிமேடு என்று ஒரு சின்ன மேடு இருந்தது. எதிரி அதில் பீரங்கி ஏற்றினால் கோட்டைக்கு ஆபத்து என்று வெட்டிச் சமப்படுத்திவிட்டார்கள்.

அதனால் மதராஸை வரைய வந்தவர்களுக்கு உயரமான இடம் கிடைக்கவில்லை. பலரும் கடல் பக்கமிருந்தே வரைந்தார்கள். 1797-இல் ஆங்கில ஓவியர்கள் தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் வெளியிட்ட கோட்டைப் படத்தில் பாதிக்கு மேல் வானமும் அலையும்தான், அலையோடு மல்லுக்கட்டும் படகுகள் வேறு. படகுக்காரர்களின் உழைப்பு நன்றாகத் தெரிகிறது. கோட்டைக்கு வடக்கே இருந்த முத்தியால்பேட்டை, பெத்தநாயக்கன்பேட்டைத் தெருக்கள் எப்படி ஓடின என்று அந்தப் படத்தில் தேடினால் ஒன்றும் கிடைக்காது. அதற்கு வரைபடங்களைத்தான் புரட்ட வேண்டும்.